கட்டுமரம் கப்பலேறிய கதை

பழைய இங்கிலீஷ் நாவல்களைப் படித்துப் பழகிய நேயர்கள் சில கதைகளிலே ஒரு கிழவியைச் சந்தித்திருக்கக் கூடும். வாய் ஓயாதவள், வீட்டில் உள்ளவர்கள் அனைவரையும் ஆட்டி வைப்பவள். அவளுக்கு அஞ்சி ஒடுங்கிக் கிடக்கும் யாரோ ஒருவன், அவள் தலை மறைந்ததும் பல்லைக் கடித்துக்கொண்டு, "கிழட்டுக் காட்டமரான்!" என்று சொல்லுவான். என்ன வார்த்தை இது என்று அகராதியைப் புரட்டினால், 'சண்டைக்காரி. சிடுசிடுப்பான கிழவி' என்று பொருள் போட்டிருக்கும். அதற்குச் சற்று மேலே அதே சொல்லுக்கு முதற் பொருளாக, 'மரங்களைச் சேர்த்துக் கட்டிய தெப்பம். தமிழ்ச் சொல்லிலிருந்து வந்தது' என்றும் கண்டிருக்கும்.

நம்முடைய கட்டுமரந்தான்! மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலுக்குப் பக்கத்துக் குப்பத்திலே, மணலில் வெயில் காய்ந்துகொண்டு கிடந்த கட்டுமரம் எப்படி இங்கிலாந்துக்குப் போயிற்று? போனதுதான் போயிற்று, அங்கே எப்படி ஒரு கிழவியாயிற்று?

ஒரு பொருளின் பெயரை அதற்கு ஒப்பான வேறொன்றுக்கு ஆக்கிச் சொல்லுவதை நம் இலக்கணக்காரர்கள் உவமையாகுபெயர் என்பார்கள். அழகான பெண்ணொருத்தி வந்தால் 'பாவை வந்தாள்' என்று சொல்லுகிறோம் அல்லவா? பாவைக்கும் பெண்ணுக்கும் உள்ள ஒப்புமை எல்லாருக்கும் விளங்கும். கட்டுமரத்துக்கும் கிழவிக்கும் என்ன ஒப்புமை? இதை விசாரிக்கப் புகுந்தால், செங்கற்பட்டு ஜில்லாவில் புறப்பட்டு, வெனிஸ் நகரத்து ரத்தின வியாபாரி ஒருவர், கிழக்கிந்தியக் கம்பெனியின் வைத்தியர் ஒருவர், கடற்கொள்ளைக்காரர் ஒருவர், நெப்போலியனுக்கு எதிராக வெடிப் பெட்டி செய்த அமெரிக்கர் ஒருவர் ஆகிய இத்தனை பேரையும் பார்த்துவிட்டு ஊர் திரும்ப வேண்டியிருக்கிறது. நேயர்கள் கூடவே வருவார்களாக.

கரையும் அலையும்

செங்கற்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகக் கிழக்கே சுமார் 30 கிலோமீட்டர் சென்றால் மாமல்லபுரம். வடக்கே கோவளம், தெற்கே சதுரங்கப்பட்டினம். இந்த இரண்டு இடங்களிலும் ஐரோப்பிய வியாபாரிகள் வந்து தங்கி வாணிகம் செய்தார்கள். சதுரங்கப்பட்டினத்திலே டச்சுக்காரர் கட்டிய கோட்டை இன்றும் சிதைந்த நிலையில் நிற்கிறது. ஆனால் பெரிய கப்பல் கரையோடு வந்து அணையக்கூடிய இயற்கைத் துறை இந்தக் கரையில் இல்லை. மணல், மணல், மறுபடியும் மணல். அந்த மணலுக்கு எதிரே அலைகள் ஒன்றன்பின் ஒன்றாக எழும்பி உடைகின்றன. கப்பல்கள் ஆழத்தில் நங்கூரம் பாய்ச்சி நிற்கும். அங்கிருந்து கரை சேர வேண்டுமானால் அலை உடையும் வரிசைகளைத் தாண்டியாக வேண்டும். ஐரோப்பியர் கொண்டுவந்த படகுகளால் அது ஆகவில்லை. பக்கம் உயர்ந்த படகில் அலை ஏறினால் நீர் உள்ளே நிற்கும். நீர் நின்றால் படகு புரளும். புரண்டால் கதி என்ன என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை.

கட்டுமரத்துக்கு உள்ளே என்பது கிடையாது. அலை அதன் மேல் ஏறும். மரங்களுக்கு நடுவே உள்ள இடுக்குகளின் வழியாக இறங்கிப் போய்விடும். நிரம்புவதற்குக் குழி இல்லாத கலம் எப்படி முழுகும்? கவிழ்ந்தாலும் அது மரமாகவே மிதக்கும். மீனவர் அதைப் பிடித்துப் புரட்டி ஏறிக்கொள்வார்கள்.

இதைப் பார்ப்பவர்கள் "நாலு கட்டைகளைக் கயிற்றால் கட்டியிருக்கிறார்கள், இதில் என்ன தொழில் இருக்கிறது?" என்று நினைத்துவிடுவது உண்டு. சென்னை மாகாண மீன் துறையின் டைரக்டராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் அப்படி நினைக்கவில்லை. இந்தியக் கலங்களைப் பற்றி அவர் 1920-ம் வருஷத்தில் வெளியிட்ட ஆராய்ச்சியில் கட்டுமரத்தின் வகைகளைப் பிரித்து வர்ணித்திருக்கிறார். ஒருவர் இருவர் ஏறும் சிறு கட்டுமரத்திலிருந்து, நாகப்பட்டினம் பக்கத்தில் கோலா மீன் பிடிக்க ஆழ்கடலுக்குப் போன ஏழு மரத்துக் 'கோலா மரம்' வரையில் அதற்குக் குலம் கோத்திரம் உண்டு.

மரம் இலேசானதாக இருக்க வேண்டும். அதே சமயம் பருத்ததாகவும் இருக்க வேண்டும். வாகை இனத்தைச் சேர்ந்த மென்மரங்களே பெரும்பாலும் இதற்கு ஏற்றவை. வாய்ச்சியால் செதுக்கி, ஒவ்வொரு மரத்தையும் பக்கத்து மரத்தின் வளைவோடு இயையும்படி செய்கிறார்கள். நடுவில் உள்ளது தாழ்ந்தும் பக்கங்களில் உள்ளவை சற்று உயர்ந்தும் நிற்கும். முன்தலை மேல்நோக்கி வளைந்து கூராகும். எந்த மரத்துக்குப் பக்கத்தில் எந்த மரம் என்பது மாறக் கூடாது. பிறகு முன்னும் பின்னும் தென்னந் தும்புக் கயிற்றால் சுற்றிச் சுற்றி இறுக்குகிறார்கள். ஆணி கிடையாது. நீரில் இறங்கியதும் கயிறு நனைந்து முறுகும். மரமும் ஊறிப் பருக்கும். கட்டு இன்னும் இறுகும். ஆயினும் அது இரும்பு போல விறைத்து நிற்பதில்லை. அலைக்குத் தக்கபடி ஒவ்வொரு மரமும் மயிரிழை அளவு இடம் கொடுக்கும். ஆணி அடித்திருந்தால் அந்த இடத்தில்தான் பிளக்கும்!

எல்லாவற்றிலும் அதிசயம் கரைக்குத் திரும்பிய பிறகு நடப்பது. மென்மரம் நீரை உறிஞ்சும், உறிஞ்சினால் கனக்கும். ஆகவே மீனவர்கள் கட்டை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியாக மணலில் உலர வைப்பார்கள். மறுபடியும் கடலுக்குப் போகும்போது மறுபடியும் கட்டு. அதாவது, கட்டுமரம் என்பது செய்து முடித்துவிட்ட பொருள் அல்ல. புறப்படும்போதெல்லாம் புதிதாகச் செய்யப்படும் கலம் அது. கட்டத் தெரிந்தவன் இருக்கும்வரையில்தான் அது கட்டுமரம். அவன் இல்லாவிட்டால் மணலில் கிடக்கும் வெறுங் கட்டைகளே. பெயரிலும் 'கட்டு' முன்னால் நிற்கிறது, 'மரம்' பின்னால் வருகிறது. வைத்தவர்கள் விஷயம் தெரிந்து வைத்திருக்கிறார்கள்.

இந்த ஊரில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. குப்பத்துக்குச் சற்றுத் தெற்கே, பல்லவர் காலத்துச் சிற்பிகள் ஏழாம் நூற்றாண்டில் பாறையைக் குடைந்து செய்த ரதங்கள் இருக்கின்றன. அவற்றில் திரௌபதி ரதம் என்று வழங்குவது கூரை வேய்ந்த குடிசையின் சாயல். மற்றவற்றிலும் உத்தரமும் கைமரமும் இறவாரமுமாகத் தச்சன் வேலையே கல்லில் அப்படியே இறங்கியிருக்கிறது. கல் மரமாக நடித்ததைப் பார்க்க உலகம் வருகிறது. மரம் மரமாகவே இருந்ததைப் பக்கத்துக் கரையில் பார்த்தவர்கள் குறைவு.

கப்பலில் இருந்து பார்த்தவர்கள்

கட்டுமரத்தைக் கண்டு எழுதி வைத்த அந்நியர்களில் முந்தியவர் காஸ்பாரோ பால்பி என்ற வெனிஸ் நகரத்து ரத்தின வியாபாரி. அவர் 1583-ல் சாந்தோமுக்கு வந்தார். ஏழு உருண்டை மரங்களைச் சேர்த்துக் கட்டிய கலத்தை வர்ணித்து, அதற்குப் பெயர் 'கட்டமெரோனி' என்று குறித்திருக்கிறார். இத்தாலிய நாக்கில் நம் கட்டுமரம் பட்ட முதற் பாடு அது!

1673-ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் வைத்தியரான ஜான் பிரையர் இந்தக் கரையோரமாகக் கப்பலில் வந்தபோது கட்டுமரங்கள் தம்மைத் தொடர்ந்து வந்ததை எழுதினார். நடுவே ஒரு பாயும், செலுத்தத் துடுப்பும் உண்டு என்கிறார். வில்லியம் டாம்பியர் 1697-ல் வெளியிட்ட பிரயாண நூலிலும் இந்தச் சொல் வருகிறது. டாம்பியர் கடற்கொள்ளைக்காரராக உலகத்தைச் சுற்றியவர். ஆனாலும் கண்ணும் பேனாவும் கூர்மையானவை. பக்கமே இல்லாத ஒன்றிரண்டு இலேசான மரங்கள், அதன் மேல் ஒரே ஆள், அவனுடைய கால்கள் எந்நேரமும் தண்ணீரில் என்று சித்திரம் வரைவதுபோல் எழுதியிருக்கிறார். அவருடைய புத்தகம் இங்கிலாந்தில் பலரும் விரும்பிப் படித்த புத்தகம். அதன் வழியே நம் சொல்லும் பல வீடுகளில் நுழைந்திருக்க வேண்டும்.

இம் மூவரும் கண்ணால் கண்டதைச் சரியாகவே எழுதினார்கள். ஆனால் கண்டது கப்பலில் இருந்தோ கரையில் நின்றோதான். கட்டியதையும் அவிழ்த்ததையும் அவர்கள் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. சொல்லை வாங்கிக் கொண்டார்கள். சொல்லுக்குள் இருந்த தொழிலை வாங்கிக் கொள்ளவில்லை. பிற்பாடு நடந்த கூத்துக்கெல்லாம் இதுவே மூலம் என்பது நம் அபிப்பிராயம்.

சென்னையில் துறைமுக வேலை 1875-ல் தொடங்கும் முன்னர் கப்பலுக்கும் கரைக்கும் இருந்த உறவெல்லாம் இரண்டு கலங்களின் தயவு. பிரயாணிகளும் சரக்கும் வந்தது மசூலாப் படகில். அதுவும் ஆணி இல்லாமல் பலகைகளைக் கயிற்றால் தைத்த படகு. கடிதம் வந்தது கட்டுமரத்தில். மசூலாப் படகு இறங்க முடியாத கொந்தளிப்பிலும் கட்டுமரம் இறங்கும். அதைச் செலுத்தியவர்கள் கூம்பு வடிவமான தொப்பி அணிந்து, கடிதங்களை நனையாமல் அதற்குள்ளே வைத்து எடுத்துச் சென்றார்கள். எத்தனையோ அரசாங்க ரகசியங்கள் அந்தத் தொப்பிக்குள் பிரயாணம் செய்திருக்கும்! அலையில் விழுந்த பிரயாணிகளைக் காப்பாற்றியவர்களுக்குக் கம்பெனியார் பதக்கம் அளித்ததும் உண்டு.

ஆக, சென்னைக்கு வந்த ஒவ்வொரு கப்பல்காரனும் முதலில் கண்ட மனிதன் கட்டுமரத்துக்காரன். முதலில் கற்ற தமிழ்ச் சொற்களில் ஒன்று கட்டுமரம். ஆங்கிலேய மாலுமிகள் அந்தச் சொல்லைத் தம்மோடு கொண்டு போனார்கள். கப்பல் உடைந்தால் பாய்மரக் கழிகளை வாரிக் கட்டி உயிர் தப்பும் அவசரத் தெப்பத்துக்கும் அதுவே பெயராயிற்று. துறையில் கப்பலின் பக்கம் சுவரில் உராயாமல் இருக்க நடுவில் மிதக்க விடும் கட்டைக்கும் அதையே சூட்டினார்கள்.

வெடித்த கட்டுமரம்

1804-ம் வருஷம். நெப்போலியன் இங்கிலாந்தின் மேல் படையெடுப்பதற்காகப் பிரெஞ்சுக் கரையில் பூலோன் துறையில் நூற்றுக்கணக்கான படகுகளைத் திரட்டி வைத்திருந்தான். இங்கிலாந்தில் பிரதம மந்திரி பிட். அவரிடம் ராபர்ட் புல்ட்டன் என்ற அமெரிக்கர் ஒரு யோசனையோடு வந்தார். சில வருஷங்களுக்குப் பின் 1807-ல் ஹட்ஸன் நதியில் நீராவிக் கப்பல் ஓட்டிப் புகழ் பெற்றவர் இவரே. அப்போது அவர் கொண்டு வந்தது நீரில் மிதக்கும் வெடிப் பெட்டி.

நீளம் சுமார் 21 அடி. அகலம் சுமார் மூன்றேகால் அடி. இரண்டு முனையும் ஆப்புப் போல் கூர். தடித்த பலகையால் செய்து, உள்ளே ஈயத் தகடு வைத்து, மேலே கித்தான் சுற்றிக் கீல் பூசியிருந்தார்கள். உள்ளே சுமார் 40 பீப்பாய் வெடி மருந்தும் ஒரு கடிகார யந்திரமும். வெளியே உள்ள முளையைப் பிடுங்கினால் சில நிமிஷங்களில் யந்திரம் விசையைத் தட்டும். பெட்டி நீர் மட்டத்துக்கு மேலே தெரியாதபடி உள்ளே பாரம் ஏற்றியிருந்தது. அதை இழுத்துப் போக இரண்டு மரங்களை இணையாக வைத்துச் செய்த ஒரு சிறு தெப்பம். அதன் மேல் நீரோடு நீராக உட்கார்ந்து, கறுப்பு உடையும் முகத்தை மறைக்கும் கறுப்புத் தொப்பியும் தரித்த ஓர் ஆள். அந்தத் தெப்பத்தையாவது கட்டுமரம் என்று சொல்ல நியாயம் இருக்கிறது. ஆனால் வெடிப் பெட்டிக்கும் அதே பெயர் ஒட்டிக் கொண்டது.

அந்த வருஷம் அக்டோபர் 2-ம் தேதி இரவு கீத் பிரபுவின் கப்பற்படை இந்தக் 'கட்டுமரங்களை'ப் பூலோன் துறைக்குள் விட்டது. வெடிச் சப்தம் பெரிதாய்த்தான் கேட்டது. பலன்? பிரெஞ்சுக்காரருடைய சிறு படகு ஒன்று அதில் இருந்தவர்களோடு அழிந்தது, அவ்வளவே. மந்திரி சபையைப் பரிகாசம் செய்யக் காத்திருந்தவர்களுக்கு 'கட்டுமரப் படையெடுப்பு' என்ற பெயர் நல்ல தீனியாயிற்று. அதுவரை மாலுமிகளிடமும் பிரயாண நூல்களிலும் வழங்கிய சொல் இப்போது அரசியல் பேச்சில் புகுந்தது. ஒன்றுக்கும் உதவாமல் சப்தம் மட்டும் போடுவதற்கு அது பெயர்!

பிரான்ஸிஸ் க்ரோஸ் என்பவர் தொடங்கிய கொச்சை மொழி அகராதி ஒன்று உண்டு. அதன் 1811-ம் வருஷப் பதிப்பில் இந்தச் சொல்லுக்கு 'எலும்பும் தோலுமான கிழவி' என்று பொருள். கப்பல் உடைந்தவர்களைக் காப்பாற்றக் கழிகளைச் சேர்த்துக் கட்டும் தெப்பத்திலிருந்து வந்தது என்று காரணமும் சொல்லியிருக்கிறது. 1830-களில், கப்பற்படைத் தளபதியாய் இருந்து நாவலாசிரியரான மாரியட் 'பீட்டர் ஸிம்ப்பிள்' என்ற கதையில் ஒரு பாத்திரத்தின் வாயில் இதை வசையாகவே வைத்திருக்கிறார். எலும்பும் தோலுமான கிழவி இதற்குள் சண்டைக்காரக் கிழவியும் ஆகிவிட்டாள்.

'ஹாப்ஸன்-ஜாப்ஸன்' என்று பெயர் பெற்ற அகராதி ஆங்கிலேயர் இந்தியாவில் பேசிய கலப்பு மொழிக்கு யூலும் பர்னெலும் 1886-ல் வெளியிட்டது. அதிலே கட்டு, மரம் என்று சொல்லைச் சரியாகவே பிரித்துக் காட்டியிருக்கிறார்கள். கடைசி அசையில் அழுத்தி உச்சரிக்கும் இங்கிலீஷ் வழக்கம் பிழை என்றும் கண்டித்திருக்கிறார்கள், மகிழ்ச்சி. பிற்பாடு 1903-ல் குரூக் திருத்திய பதிப்பில், பூலோனில் விட்ட வெடிப் பெட்டியினால்தான் இச் சொல் இங்கிலாந்தில் பரவி, 'கிழட்டுப் பூனை' என்ற வசையாகியிருக்கலாம் என்று ஒரு ஊகம் இருக்கிறது. இங்கிலீஷில் பூனைக்கு 'காட்'. விஷமத்தனமான பெண்ணையும் அப்படியே சொல்லுவார்கள். நம் 'கட்டு' அங்கே போய்ப் பூனையாகிச் சீறியது என்பது கருத்து.

எது சரி? வெடிப் பெட்டியா, பூனையா, எலும்புக் கூடா? நம் அபிப்பிராயத்தில் மூன்றுக்கும் பங்கு உண்டு. ஆனால் முதற் பங்கு எலும்புக் கூட்டுக்கே. கழிகளை வாரிக் கட்டிய தெப்பத்தில் ஒவ்வொரு கழியும் துருத்திக்கொண்டு தெரியும். மெலிந்த கிழவியைப் பார்த்த மாலுமி அதைச் சொல்லிச் சிரித்தான். அதற்குப் பின்னர் பூனையின் ஒலி கோபத்தைச் சேர்த்தது. வெடிப் பெட்டி சப்தத்தைச் சேர்த்தது. மரவேலைச் சொல் மனுஷியாக மாறியது கேலியின் வழியாக. கவனிக்க வேண்டியது என்னவென்றால், மாமல்லபுரத்துத் தச்சன் செதுக்கி இயைத்த மரங்கள் கழிகளைப்போல் துருத்துவதில்லை. கேலிக்கு ஆளானது நம் கட்டுமரமே அல்ல. அவசரத்தில் மாலுமி கட்டிய போலி. பெயர் மட்டும் நம்முடையது.

மீன் விற்கும் பெண்ணின் பெயரும் இங்கிலீஷில் வசை பாடுபவளுக்கு ஆகி வந்திருக்கிறது. கணவன் ஏறிய மரத்தின் பெயர் ஒரு வசை, மனைவி தலையில் சுமந்த கூடையின் பெயரால் இன்னொரு வசை! அலையையும் வெயிலையும் தாங்கிப் பிழைத்தவர்களுக்கு அகராதி கொடுத்த சன்மானம் இது.

இதையாவது விளையாட்டு என்று விட்டுவிடலாம். இதே கரையிலிருந்து கப்பலேறிய இன்னொரு சொல்லுக்கு நேர்ந்தது விளையாட்டல்ல. பறை முழக்கியதால் பெயர் பெற்ற ஒரு ஜன சமூகத்தின் பெயரை எடுத்து, ஒதுக்கித் தள்ளப்பட்டவன் எவனுக்கும், தெருவில் அலையும் நாய்க்குங்கூட, ஆங்கிலேயர் சூட்டினார்கள். இன்றும் பத்திரிகைகளில் 'பரையா தேசம்' என்று எழுதுகிறார்கள். எழுதுகிறவர்களில் எத்தனை பேருக்கு அது உயிரோடு இருக்கும் மனிதர்களின் பெயர் என்று தெரியும்? ஆனால் ஆங்கிலேயரை மட்டும் குற்றம் சொல்லித் தப்ப முடியாது. ஒதுக்குவதை அவர்கள் இங்கே வந்து பார்த்துத்தான் கற்றார்கள்.

இரட்டை ஓடம்

கட்டுமரத்தின் மூன்றாவது அவதாரம் அமெரிக்காவில். 1876-ல் நதானியல் ஹெர்ரஷாப் என்ற கப்பல் தச்சர் இரண்டு மெல்லிய ஓடங்களைப் பக்கம் பக்கமாக வைத்துக் குறுக்குச் சட்டங்களால் இணைத்துப் பாய்க்கலம் ஒன்று செய்தார். நியூயார்க்கில் நடந்த பந்தயத்தில் அது பெரிய பெரிய உல்லாசக் கலங்களை முந்தி ஓடியது. தோற்றவர்கள் ஆட்சேபித்துப் பரிசு கிடைக்காமல் செய்தார்கள் என்பது வேறு கதை. அந்த வகைக் கலத்துக்கு வழங்கிய பெயர் காட்டமரான். இன்று உலகெங்கும் இரட்டை ஓட்டுக் கலத்துக்கு அதுவே பெயர். மோட்டார் வண்டிகளை ஏற்றிக்கொண்டு கால்வாய் தாண்டும் பெரும் கப்பல்களுக்கும் அதுவே.

உண்மையில் இரட்டை ஓட்டுக் கலம் பசிபிக் தீவுகளின் செல்வம். நம் கட்டுமரத்துக்கு ஓடு என்பதே கிடையாது. இரண்டு எங்கிருந்து வந்தது? பொருள் ஒரு தேசத்தது, பெயர் இன்னொரு தேசத்தது. பிறகு மூன்று ஓடுள்ள கலம் வந்தபோது சொல்லை இரண்டாக வெட்டி, பின் பாதியோடு 'ட்ரை' சேர்த்து 'ட்ரைமரான்' என்றார்கள். கட்டு போய்விட்டது; மரம் மட்டும் 'மரான்' என்று ஓட்டுக்குப் பெயராகி நிற்கிறது. பழந்தமிழில் மரத்துக்கு 'மரன்' என்ற வடிவும் உண்டு. தெரியாமலே அவ்வளவு தூரம் கிட்ட வந்திருக்கிறார்கள்!

இந்த இடத்தில் நம்மவர் சிலர் சொல்லும் ஒரு பெருமையையும் சோதித்துப் பார்ப்பது நலம். சோழர் கட்டுமரத்தில் ஏறிக் கடாரம் வென்றார்கள் என்று எழுதுகிறார்கள். இராஜேந்திர சோழன் 1025-ல் கடல் கடந்து படை அனுப்பியது மெய்க்கீர்த்தியில் உள்ளது. ஆனால் அந்தப் படை போனது மரக்கலங்களில். யானையும் குதிரையும் அரிசி மூட்டையும் கட்டுமரத்தில் ஏறுமா? கட்டுமரம் யுத்தத்துக்குச் செய்தது அல்ல. அலையைத் தாண்டி மீன் கொண்டு வரச் செய்தது. அந்த வேலையில் நூற்றாண்டுக் கணக்கில் அதை மிஞ்ச ஒன்றும் வரவில்லை. அந்த உண்மை போதாதா?

நம் மொழியிலேயே 'கட்டு' பிரயாணம் செய்த தூரம் குறைந்ததல்ல. கட்டடம், கட்டுக்கோப்பு, கட்டுப்பாடு, கட்டுக்கதை எல்லாம் அதன் குடும்பம். நேயர்கள் இப்போது படித்துக் கொண்டிருக்கும் கட்டுரையும் அதன் உறவினரே. கட்டுமரத்தைத் தமிழர் உவமையாக்கியபோது என்ன சொன்னார்கள் என்பதற்கும் ஓர் உதாரணம் உண்டு. தமிழ்நாட்டில் ஐந்து முறை முதலமைச்சராய் இருந்து 2018-ல் காலமான மு. கருணாநிதி, தம்மைக் கடலில் தூக்கி எறிந்தாலும் கட்டுமரமாகவே மிதப்பதாகவும், எறிந்தவர்களே அதில் ஏறிப் போகலாம் என்றும் சொன்னது பலருக்கு நினைவிருக்கும். அவருடைய அரசியலை யார் எப்படி மதித்தாலும், உவமை கரையில் நின்று பார்த்தவருடைய உவமை. மாலுமி துருத்திய கழியைக் கண்டான். இங்கே மிதப்பதைக் கண்டார்கள்.

அவிழ்ந்த கட்டு

கரைக்குத் திரும்புவோம். ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய ஸ்தாபனம் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு 1979-ல் தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டம், மணலில் இருந்தே தள்ளக்கூடிய புதுப் படகுகளை ஆராய்ந்தது. 1980-களிலிருந்து நார்க் கண்ணாடியால் செய்த படகும் அதன் பின்புறத்தில் மாட்டும் மோட்டாரும் கரைக் கிராமங்களில் பரவின. மோட்டார் வைத்த படகு துடுப்பும் பாயும் எட்டாத தூரத்துக்குப் போய் விரைவில் திரும்பியது. பருத்த மென்மரம் கிடைப்பதோ வருஷத்துக்கு வருஷம் அருமையாகி விலை ஏறியது. மீனவரை இதற்காகக் குறை சொல்வது அநியாயம். பிழைப்புக்காகத்தான் அவர்கள் கடலில் இறங்குகிறார்கள். நமக்குக் காட்சி காட்டுவதற்காக அல்ல.

2004-ம் வருஷம் டிசம்பர் 26-ம் தேதி ஆழிப் பேரலை வந்தது. மாமல்லபுரத்துக் கரையில் கடல் முதலில் பின்வாங்கி, மணலுக்கடியில் கிடந்த பழைய கற்களைக் காட்டியதாகவும், அதன் பிறகு சாளுவன்குப்பத்தில் புதைந்த முருகன் கோயில் ஒன்று வெளிப்பட்டதாகவும் பத்திரிகைகள் எழுதின. தொல்பொருள் ஆராய்ச்சியாளருக்கு அது பெரிய செய்தி. குப்பங்களுக்கோ உயிரும் வலையும் மரமும் போன நாள் அது. நிவாரணமாக வந்தவை பெரும்பாலும் நார்க் கண்ணாடிப் படகுகள். அடித்துப் போன கட்டுமரங்களுக்குப் பதிலாகக் கட்டுமரம் கேட்டவர்கள் மிகச் சிலராகவே இருந்திருப்பார்கள்.

ஆயினும் சிறு தொழிலுக்கு, கரையை ஒட்டி வலை போட, ஒருவர் இருவர் தள்ளக்கூடிய கலம் இன்னும் வேண்டியிருக்கிறது. அதற்கென்று பழைய கட்டுமரத்தின் உருவத்தையே அச்சாக வைத்து, நார்க் கண்ணாடியால் செய்து, உள்ளே தெர்மோகோல் அடைத்த மிதவைகள் வந்துவிட்டன. அலை அவற்றின் மேலும் ஏறி வழிந்து போகிறது; அவையும் முழுகுவதில்லை. மீனவர் அதற்கு இட்ட பெயர் பைபர் கட்டுமரம். அதிகாலையில் வலையோடு தள்ளுகிறார்கள். வெயில் ஏறியதும் திரும்பி வந்து மணலில் இழுத்துப் போடுகிறார்கள். அவிழ்ப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை.